கைராசி

இங்கே கத்தி எடுப்பவரை
டாக்டர் என்று அழைக்கும் வழக்கமில்லை.
அவர் மிஸ் டார்கஸ் தெர்க்கெல். அவ்வளவுதான்.
நான் ஹல் நகர மருத்துவமனையில் எடுபிடி.
கத்திகளைக் கொதிக்க வைப்பேன், தரை கழுவுவேன்.
தரையில் சில நாள்
விரல்களும் கிடக்கும்.

துறைக்கு இழுவைப் படகு வந்தால்
முதலில் மீன் இறங்கும்,
அப்புறம் ஆட்கள்,
அப்புறம் கந்தையில் சுற்றிய கைகள்.
ஐஸ்லாந்துக் கடலில், ஆடும் தளத்தில்
குடல் கிழிக்கும் கத்தி
மீனென்றும் மனிதனென்றும் பேதம் பார்ப்பதில்லை.

வில் அப்படியே இருக்கும்.
நாண் அறுந்திருக்கும்.
உள்ளங்கை நாணைத் தைக்காதே என்றன புத்தகங்கள்;
தைத்தால் ஒட்டிக்கொள்ளும், விரல் குச்சியாகும்.
ஆகவே விரலை வெட்டு.
கையெழுத்து வாங்கு.
அடுத்தவனைக் கூப்பிடு.

அவர் சனிக்கிழமைதோறும்
ஆஸ்கர்பி இறைச்சிக் கடையில் பன்றிக்கால் வாங்கினார்.
"சூப்புக்கா, மிஸ்?"
"தையலுக்கு."
தொப்பி செய்யும் பெண்ணிடம் பட்டுநூல்,
தலைமுடியிலும் மெல்லியதாக.
கொதிகலன் அறையில் நான் விளக்குப் பிடித்தேன்.
அவர் நூலைச் சுண்டி இழுக்க இழுக்க
ஒரு குளிர்காலம் முழுக்க
செத்த கால்கள் எங்களைப் பார்த்துக்
குளம்பு மடக்கின.

பிரசவப் பிரிவில் பெண்களுக்கு இடமுண்டு என்று
நிர்வாகக் குழு அன்போடு ஒரு கடிதம் எழுதியது.
அதன் பின்பக்கம் அவர் வரைந்து பார்த்த முடிச்சு
இன்னும் என் பெட்டியில் இருக்கிறது.

முதல் கை, தோல்வி.
இரண்டாவது, சீழ்.
மூன்றும் நான்கும் பேசும்படியாக இல்லை.
ஐந்தாவது, வலை பின்னும் ஜாப் ப்ளென்கின்.
மூன்றாம் நாளே விரலை அசைக்கச் சொன்னார்.
உள்ளே ஏதோ அறுந்தது.
வாசலில் வாளியோடு நின்ற எனக்கே கேட்டது.

எட்டாவது, ஏமஸ் ஸ்டேதர்ஸ், பத்தொன்பது வயது.
கட்டுப் பிரித்த காலையில்
வெந்நீரில் விழுந்த இறாலைப் போல
சுண்டுவிரல் சுருண்டது.
யாரும் கைதட்டவில்லை.
"இன்னொரு முறை," என்றார் அவர்.

அப்புறம் எடின்பரோவிலிருந்து,
லண்டனிலிருந்துகூட
நல்ல கோட்டுப் போட்டவர்கள் வந்து
அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்கள்.
மாலுமிகளோ கப்பலேறுமுன்
வழிமறித்து அவர் சட்டைக்கையைத் தொட்டார்கள்.
கைராசியாம்.
"ராசி இல்லையப்பா, பன்றிக்கால்," என்பார்,
கையை இழுத்துக்கொண்டு.

ஜாபின் விரல் கடைசிவரை மடங்கவில்லை.
அதையே முளையாக்கி
நூல் மாட்டி வலை பின்னினான்.
டிசம்பர்தோறும் செய்தித்தாளில் சுற்றி
ஒரு ஹேடாக் மீன் கொண்டுவருவான்.
"என்னை மன்னித்துவிட்டாயா, ஜாப்?"
"இல்லை. சீக்கிரம் வறுத்துவிடுங்கள், கெட்டுப்போகும்."

ஐம்பத்தெட்டு வயதில் ஒரு செவ்வாய்க்கிழமை
தையல் பாதியில் இருக்கும்போது
பீங்கான் தட்டில் ஊசி கிணுகிணுத்தது.
எல்லோரும் தட்டைப் பார்த்தார்கள்.
நான் அவர் மணிக்கட்டைப் பார்த்தேன்.
"மிஸ்டர் பெல்வுட், நீங்கள் முடித்துவிடுங்கள்."
நெடுநேரம் கை கழுவினார்.
குழாயை மூடியது நான்.

தாழ்வாரத்தில் இப்போது அவர் படம்.
நடுங்கும் கைகளை எப்படி வரைவது என்று
ஓவியருக்குச் சங்கடம் போல;
மடியில் தங்க விளிம்புப் புத்தகமொன்றை வைத்து
அதனடியில் ஒளித்துவிட்டார்.
அப்படியொரு புத்தகம் அவரிடம் இருந்ததே இல்லை.

இருந்தது, மீன்கணக்கு எழுதும் நோட்டு.
கடைசிப் பக்கத்திலிருந்து முன்னோக்கி
கைகூடாத கைகளின் பெயர்கள்.
அறுபத்து மூன்று.
ஏணியில் ஏறித் தூசு தட்டும்போதெல்லாம்
மனத்துக்குள் வாசிப்பேன்.
எந்தப் பெயருக்கும் எதிரே குறிப்பில்லை.
ஐந்தாவதுக்கு எதிரே மட்டும்,
பென்சிலில்,
ஒரு மீன்.